எலுமிச்சை அளவு சோடியம்: வாசகர் வினாக்களும் விடைகளும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எழுதியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுபோல, தீப்பிடிக்கும் உலோகங்களைப் பற்றியே இருந்தன. மற்ற வினாக்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இப்போது விடையளிக்கிறேன்.

வினா: நான் பிளஸ் டூ படிக்கிறேன். சோடியப் பீப்பாய்களை ஏரியில் உருட்டிவிட்டு வெடிக்க வைக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். உறவினர் ஒருவர் மூலம் எனக்கு எலுமிச்சம்பழ அளவில் சோடியம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் கல்குவாரிக் குட்டையில் தூரத்தில் நின்று அதை எறிந்து படம்பிடித்தால் ஆபத்து ஏதும் உண்டா? பள்ளியில் ஆசிரியர் போட்டுக் காட்டியபோது அது தண்ணீரின் மேல் சுற்றிச் சுற்றி ஓடியதே தவிர வெடிக்கவில்லை.
– மாணவர், ஓமலூர்

விடை: எறியக் கூடாது, தம்பி. பள்ளியில் வெடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

உங்கள் ஆசிரியர் போட்டது 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு துண்டாக இருந்திருக்கும். அதன் எடை சுமார் 0.06 கிராம். அது முழுவதும் தண்ணீருடன் வினைபுரிந்தாலும் வெளிவரும் ஹைட்ரஜன் 33 மில்லிலிட்டர் அளவுதான். எலுமிச்சம்பழத்தின் குறுக்களவை மூன்றரை சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த அளவுள்ள சோடியத்தின் எடை ஏறத்தாழ 22 கிராம். அதிலிருந்து 11 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும். அரை லிட்டர் தண்ணீரை அடுப்பில்லாமலே கொதிக்க வைக்கப் போதுமான வெப்பமும் அதனுடன் வெளிப்படும். எடை 350 மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துத் தணிய வேண்டிய மேற்பரப்போ 40 மடங்குதான் கூடியிருக்கிறது. சிறு துண்டு உருகினாலும், வெப்பம் தன்னிடம் மிகுதியாகச் சேரும் முன்பே கரைந்து தீர்ந்துவிடுகிறது. பெரிய துண்டு தீராமல் கிடந்து, 98 டிகிரி செல்சியசில் உருகி, மேலும் சூடேறி, தன்னைச் சுற்றித் திரண்ட ஹைட்ரஜனைத் தானே கொளுத்திவிடுகிறது. ஆகவே சிறிதாகப் போட்டபோது என்ன நடந்தது என்பதை வைத்து, பெரிதாகப் போட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட முடியாது.

இதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சோடியம் வெடிப்பதற்கு ஹைட்ரஜன் தீப்பிடிப்பதுதான் காரணம் என்று நாங்கள் படித்தோம். பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தும் வந்தோம். ஆனால் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நீராவியும் ஹைட்ரஜனும் படலமாகச் சூழ்ந்துவிட்டால், அப்படலமே வினையைத் தடுத்து அடக்கிவிட வேண்டுமல்லவா? பிராக் நகரில் பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் ஆகியோரின் குழு, சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, அதை அதிவேக ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. சொட்டு தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லி விநாடி ஆவதற்குள், அதன் மேற்பரப்பிலிருந்து முள்ளம்பன்றியின் முட்கள்போல உலோக ஊசிகள் நாலாபுறமும் சீறிப் பாய்ந்தன. எலக்ட்ரான்கள் உலோகத்தைவிட்டுக் கண நேரத்தில் தண்ணீருக்குள் ஓடிவிடுவதால், மிஞ்சி நிற்கும் நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தையே கிழித்துவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். கிழிந்த ஒவ்வொரு ஊசியும் தண்ணீருக்குப் புதிய மேற்பரப்பு. வினை இப்படித்தான் கணத்தில் பெருகுகிறது. எச்சரிக்கை தந்துவிட்டுப் பெருகுவதில்லை.

நீங்கள் பார்த்த படம், 1947-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து லெனோர் ஏரியில், போருக்குப் பின் மிஞ்சிப்போன சோடியத்தை அரசுத் துறையே தண்ணீரில் தள்ளி ஒழித்தபோது எடுத்ததாக இருக்க வேண்டும். அன்று அப்படிச் செய்தார்கள் என்பதற்காக அது முறையாகிவிடாது. உங்கள் குட்டையில் எறிந்தால் முதலில் வரும் ஆபத்து சத்தமும் தீயும் அல்ல. உருகிய சோடியத் துளிகளும், அது கரைந்து உண்டான காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரும் மேலே எழும்பி மழைபோல இறங்குவதுதான் முதல் ஆபத்து. குவாரிக் குட்டைக்குச் சுற்றிலும் செங்குத்தான பாறை இருப்பதால் விலகி ஓடவும் இடம் இராது. காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். குட்டையில் இருக்கும் மீனுக்கும் தவளைக்கும் நேரப்போவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கையில் இருப்பதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அது மண்ணெண்ணெயில் முழுவதும் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகப் பையில் வைத்துப் பேருந்தில் எடுத்துச் செல்லாதீர்கள். உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, அவரை வரவழைத்து ஒப்படையுங்கள். துண்டின் மேல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பொருக்குப் படிந்திருந்தால் அது சோடியமாக இல்லாமல் பழைய பொட்டாசியமாக இருக்கக்கூடும். அந்தப் பொருக்கு பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு. கத்தியை வைத்து அழுத்தினாலே, எண்ணெயும் உலோகமும் அதனுடன் சேர்ந்து வெடிக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். உறவினர் என்ன சொன்னாலும் சரி.

வினா: மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். சோடியத்தையும் மெக்னீசியம் நாடாவையும் வகுப்பில் காட்டாமல் விட்டுவிட மனம் வரவில்லை. எங்கள் ஆய்வகத்தில் புகைபோக்கிப் பெட்டி கிடையாது. எந்த அளவில், எவ்வாறு காட்டலாம்?
– முதுகலை ஆசிரியை, ஆத்தூர்

விடை: காட்டாமல் விட வேண்டாம், அம்மா. பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருப்பதை ஒரு முறையாவது கண்ணால் கண்ட பிள்ளைதான் பின்னால் அதை மதிக்கும். வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை குறைவதும் அப்படித்தான்.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டிலிலிருந்து உலர்ந்த இடுக்கியால் எடுத்து வெள்ளை ஓட்டின் மேல் வைத்து, உலர்ந்த கத்தியால் அறுக்கும்போது அது பாலாடைக்கட்டிபோல அறுபடும். அறுத்த முகம் வெள்ளிப் பாத்திரம்போல மின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிச் சாம்பல் பூக்கும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பது தண்ணீரில் போடும்போதைவிட இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். எனவே இங்கே அவசரப்படாதீர்கள். துண்டு 4 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அரிசியைவிடச் சற்றுப் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணெண்ணெயை வடிதாளில் ஒற்றி எடுத்துவிட்டுப் பாட்டிலை மூடி, அதை மேசையிலிருந்து முற்றிலும் அகற்றிய பிறகே தண்ணீர்த் தொட்டியை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொட்டி அகலமாக இருக்கட்டும். பாதியளவு தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் துண்டு கண்ணாடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்காது. ஒட்டி நின்ற இடத்தில்தான் சூடு குவிந்து தொட்டி விரிசல் விடும். காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பீனால்ப்தலீன் கரைசலை இரண்டு சொட்டு விட்டிருந்தால், உருண்டையாக உருகி ஓடும் உலோகத்தின் பின்னே இளஞ்சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போவதைக் கடைசி வரிசைப் பிள்ளையும் காணலாம். சிலர் வடிதாளை மிதக்கவிட்டு அதன்மேல் சோடியத்தை வைப்பார்கள். அது ஓடாமல் ஓரிடத்தில் நின்று தீப்பிடிப்பது வேடிக்கையாக இருக்கும். ஆனால் தீப்பிடித்த துண்டுதான் கடைசியில் தெறிக்கும் என்பதால் அதை நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொட்டியின் மேல் புனலையோ குப்பியையோ கவிழ்த்து வாயுவைப் பிடிக்கும் முயற்சியும் கூடாது. ஹைட்ரஜனும் காற்றும் கலந்து அடைபட்ட இடம் வெடிகலம்தான். உங்களுக்கும் முன்வரிசைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தொட்டிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒளிபுகும் தடுப்புத் தட்டு, இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி, திறந்த சன்னல் ஆகியவை இருந்தால் புகைபோக்கிப் பெட்டி இல்லாமலும் சமாளிக்கலாம். சலசலப்பு அடங்கிவிட்டது என்று தோன்றியதும் குனிந்து எட்டிப் பார்ப்பதுதான் மனித இயல்பு; கடைசித் தெறிப்பும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். பொட்டாசியத்தைக் காட்ட வேண்டாம். அதைக் காணொளியில் காட்டினால் போதும்.

மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் நாம் தவறுகிறோம். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு பள்ளியில் செயல்விளக்கம் முடித்துவிட்டு, சோடியத்தை ஒற்றியெடுத்த வடிதாள்களைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். கத்தியில் ஒட்டியிருந்த சீவல்களும் அந்தத் தாளில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாலையில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு அதே கூடையில் போட்டார். முதலில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பிறகு கூடை முழுவதும் தீ. அவர் கையில் ஒன்றும் படவில்லை. புடவைத் தலைப்பின் ஓரம் மட்டும் கருகியது. ‘என்ன சாமி, தண்ணி பட்டா தீப்பிடிக்குது?’ என்று அவர் கேட்டதற்கு எனக்கு விடை தெரியும். ஆனால் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து, பயன்படுத்திய தாள், கத்தி, ஓடு எல்லாவற்றையும், பக்கத்தில் தீச்சுடர் எதுவும் இல்லாத திறந்த இடத்தில், அகன்ற கிண்ணத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டு, குமிழி வருவது முற்றிலும் நின்ற பிறகே தண்ணீரைக் காட்டுவேன். மாணவர்கள் போன பின்பு செய்ய வேண்டிய வேலை இது. அவசரத்துக்குக் கழுவுதொட்டியில் போட்டுவிடக் கூடாது.

மெக்னீசியம் நாடா எளிது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். இடுக்கியில் பிடித்து, கையை நீட்டி, கீழே ஓடோ உலர்ந்த மணலோ இருக்கும்படி கொளுத்துங்கள். சுடர் 3,000 டிகிரி செல்சியசை எட்டும். வெளிச்சத்தில் புறஊதாக் கதிரும் உண்டு. எனவே சுடரைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்க்கும்படி பிள்ளைகளை முன்கூட்டியே பழக்குங்கள். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். மணிச் சத்தம் கேட்ட வகுப்பில் எந்த விதியும் செல்லாது.

வினா: எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மேடுகள் தெரியும். அதில் மெக்னீசியம் இருப்பதாகப் பாடத்தில் இருக்கிறது. மெக்னீசியம் எரியும் என்றால் அந்த மலை ஏன் தீப்பிடிப்பதில்லை?
– எட்டாம் வகுப்பு மாணவி, மாமாங்கம், சேலம்

விடை: இந்தக் கடிதம் வந்த நாளில் வேறெதையும் படிக்கத் தோன்றவில்லை எனக்கு. கண்ணு, அந்த மலை தீப்பிடிக்காததற்குக் காரணம், அதிலிருக்கும் மெக்னீசியம் ஏற்கெனவே எரிந்து முடித்தது போன்ற நிலையில் இருப்பதுதான். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் இட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். உங்கள் பள்ளியில் நாடாவை எரித்தபின் ஓட்டில் உதிர்கிறதே வெள்ளைச் சாம்பல், அதுவும் மெக்னீசியம் ஆக்சைடுதான். அது உருகுவதற்கு 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால்தான், அதைக் கொண்டு செய்த செங்கல்லை எஃகு உலைகளின் உட்சுவருக்கு வைக்கிறார்கள். தீயை மூட்டும் உலோகத்தின் சாம்பலே தீயைத் தாங்கும் சுவராகிறது.

சேர்வராயன் மலையின் செந்நிற பாக்சைட்டுக்கும் இதே கதைதான். ஏற்காட்டிலிருந்து அந்தக் கல்லை மேட்டூர் அலுமினிய ஆலைக்கு எடுத்துச் சென்றார்கள். கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. அந்த ஒரு கிலோவும் மீண்டும் முழுவதும் எரிந்தால் எட்டரை யூனிட்டுக்கு ஈடான வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடும். சட்டியும் குக்கரும் எரியாமலிருப்பது, காற்றுப் பட்டவுடன் அவற்றின்மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோலால். அதையே மாவாக அரைத்தால் ஒவ்வொரு துகளுக்கும் மேற்பரப்பு பெருகி, தீபாவளி மத்தாப்பில் வெள்ளைப் பொறியாகப் பறக்கும். எரிவதும் எரியாததும் உலோகத்தின் பெயரில் இல்லை. அது கட்டியா தூளா என்பதில் இருக்கிறது.

வினா: பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். இரும்பைவிட மிக இலேசான வெள்ளை உலோக பாகம் ஒன்றை கேஸ் கட்டரில் வெட்டியபோது சீவல்கள் தீப்பிடித்தன. பையன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் தீ ஆள் உயரத்துக்குக் கிளம்பிவிட்டது. தண்ணீரில் ஏதாவது கோளாறா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

விடை: தண்ணீரில் கோளாறில்லை, ஐயா, அது மெக்னீசியக் கலவை. சில வண்டிகளின் எஞ்சின் உறைகளும் மரம் அறுக்கும் இயந்திரத்தின் உடலும் அதில் செய்யப்படுவதுண்டு. எரியும் மெக்னீசியம் தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். அந்த ஹைட்ரஜனும் சேர்ந்து எரிந்ததைத்தான் கண்டிருக்கிறீர்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடுத் தீயணைப்பானும் உதவாது. அந்த வாயுவையும் உடைத்துக் கரியை மிச்சம் வைத்துவிட்டு எரியும். வழக்கமான ஏ.பி.சி. பவுடரும் இதற்கானதல்ல. உலோகத் தீக்கென்றே டி வகைத் தீயணைப்பான் இருக்கிறது. அதில் உப்புத் தூளோ கிராஃபைட் தூளோ இருக்கும். அது வாங்கும்வரை, மூடியுள்ள தகர டின்னில் நன்றாக உலர்ந்த மணலை வைத்திருங்கள். வாசலில் குவித்துக் கிடக்கும் மணல் ஆகாது. அதிலுள்ள ஈரமே போதும் கெடுக்க. மணலை வீசி எறியாமல், நீண்ட கைப்பிடி மண்வெட்டியால் மெல்லப் பரப்பி மூடிவிட்டு, முழுவதும் ஆறும்வரை கிளறாமல் விலகி நின்று 101-க்குச் சொல்லுங்கள். அடுத்த முறை, இலேசான பாகத்தைக் கட்டரில் காட்டும் முன் அது அலுமினியமா மெக்னீசியமா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

வினா: ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் அறிவியல் கண்காட்சியில், ரயில் தண்டவாளம் இணைக்கும் தெர்மிட் வினையைச் செய்து காட்ட இளைஞர்கள் சிலர் விரும்புகிறோம். கலவை விகிதம் தர முடியுமா?
– வாசகர், வாழப்பாடி

விடை: தர மாட்டேன், மன்னிக்கவும். அலுமினியத் தூள் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, உருகிய இரும்பை மிச்சம் வைக்கும் வினை இது; ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 1895-இல் காப்புரிமை பெற்ற முறை. 1899-இல் எஸ்ஸென் நகரில் டிராம் தண்டவாளங்களை இணைக்க இதைப் பயன்படுத்தினார்கள். இன்றும் நம் ரயில்வேயில் ‘ஏ.டி. வெல்டிங்’ (அலுமினோ தெர்மிக் வெல்டிங்) என்ற பெயரில், பயிற்சியும் சான்றிதழும் பெற்ற பணியாளர்கள், தண்டவாளத்தின் இடைவெளியைச் சுற்றி அச்சுக் கட்டி, முன்கூட்டியே சூடாக்கி, ஈரம் அண்டாமல் இதைச் செய்கிறார்கள். 2,500 டிகிரி அளவுக்குச் சூடான இரும்பு ஈர மண்ணிலோ சிமென்ட் தரையிலோ சிந்தினால், அடியிலுள்ள தண்ணீர் கணத்தில் நீராவியாகி உருகிய இரும்பை வாரி இறைக்கும். தொடங்கிய பின் நிறுத்த வழி கிடையாது. ஆக்சிஜன் கலவைக்குள்ளேயே இருப்பதால் மூடி அணைக்கவும் முடியாது. திருவிழாக் கூட்டத்தின் நடுவில் செய்யும் காரியமா இது? இணைத்து அறுத்த தண்டவாளத் துண்டு ஒன்றை ரயில்வே ஊழியர் யாரிடமாவது கேட்டுப் பெற்று வையுங்கள். அந்த இணைப்பைக் கையால் தடவிப் பார்க்கக் கூட்டம் வரும்.

வினா: அடைத்துக்கொண்ட கழுவுதொட்டிக்குப் போடும் பவுடரைப் பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். சட்டி கறுத்து, நுரைத்து, கைவைக்க முடியாதபடி சுட்டுவிட்டது. பவுடர் கெட்டுப்போனதா?
– இல்லத்தரசி, ஏற்காடு

விடை: பவுடர் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. அது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடுத் தோலை அது கரைத்துவிட்டு உள்ளே இருக்கும் உலோகத்துடன் வினைபுரிகிறது. நுரையாக வந்தது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரியாமல் இருந்தது நல்லதாயிற்று. இனிப் பிளாஸ்டிக் வாளியில், தண்ணீரில் பவுடரைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். பவுடரின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். கரைத்ததைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். கையில் பட்டால் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் கழுவியபடியே 108-ஐ அழையுங்கள். அந்தச் சட்டியில் ஓட்டை விழுந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.